லென்ஸுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு இணைப்பில் புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் இல்லையே என்று ஏங்கியவன் நான். ஒரு வரி விடாமல் படித்தேன். மெமரி கார்டில் எதைப் பார்க்க வேண்டும், இரண்டாவது பேட்டரி ஏன் வேண்டும் என்று சொன்னதெல்லாம் சரி. ஆனால் நடுவில் கட்டம் கட்டிப் போட்டிருந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை. யூ.வி. ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற வட்டக் கண்ணாடி, மாட்டாமல் லென்ஸைக் கடையை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், இடம் இருக்கிற அளவுக்குப் போடுங்கள்.

நான் லென்ஸ் பழுது பார்க்கிறவன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வீடு மும்பை தாராவியில், வேலை கோட்டைப் பகுதியில் போரா பஜாரை ஒட்டிய ஒரு மாடியறையில். ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். என் மேஜைக்கு வருவதெல்லாம் விழுந்தவை, நனைந்தவை, பூஞ்சை பிடித்தவை. நன்றாக இருக்கிற லென்ஸை யாரும் என்னிடம் கொண்டுவர மாட்டார்கள். அதனால் எது லென்ஸைக் கெடுக்கிறது என்பதைத் தினமும் திருப்புளியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த ஃபில்டர் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கலர் ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது நீலத்தைப் பிடிக்கிற அடுக்கு. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும், அதாவது 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியும், அந்த அடுக்கில் போய்ப் பதிந்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பள்ளத்தாக்கைப் பார்த்துப் படம் எடுத்தால் தூரத்து மலை கண்ணுக்குத் தெரிந்ததைவிட நீலம் பூத்து, மங்கிப்போய் வரும். கடற்கரையிலும் அப்படித்தான். அதைத் தடுக்கத்தான் யூ.வி. ஃபில்டர். லேசாக இளஞ்சிவப்புச் சாயல் உள்ள ஸ்கைலைட் ஃபில்டரும் அதே வேலைக்கு வந்ததுதான். அன்றைக்கு அது நியாயமான செலவு. பழைய லென்ஸ்களின் மேல்பூச்சும் மென்மையானது, அழுத்தித் துடைத்தால் போய்விடும் என்பதால் முன்னால் ஒரு கண்ணாடி இருப்பது நல்லதாகவும் இருந்தது.

டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கிற சென்சாருக்கு முன்னாலேயே ஒரு வடிகட்டிக் கண்ணாடி ஒட்டித்தான் வருகிறது. அகச்சிவப்பையும் புற ஊதாவையும் அதுவே நிறுத்திவிடும். லென்ஸுக்குள் இருக்கிற கண்ணாடிகளும், அவற்றின் பூச்சும், கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டியிருக்கிற பசையும் ஏற்கெனவே பெரும்பகுதியை விழுங்கியிருக்கும். புற ஊதாவில் படம் எடுக்க ஆசைப்படுகிற ஆராய்ச்சிக்காரர்கள் அந்தச் சென்சார்க் கண்ணாடியைக் கழற்றி மாற்றச் சொல்லிக் கேட்பதிலிருந்தே அது எவ்வளவு நன்றாகத் தடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆக, இன்றைக்கு யூ.வி. ஃபில்டர் வண்ணத்துக்கும் தெளிவுக்கும் செய்வது ஒன்றுமில்லை. அது வெறும் காப்புக் கண்ணாடி. கம்பெனிகளே இப்போது 'புரொடெக்டர்' என்று பெயர் போட்டு நிறமில்லாத கண்ணாடி விற்கிறார்கள். அந்த மட்டில் அவர்கள் நேர்மையாகத்தான் இருக்கிறார்கள். கடையில்தான் இன்னமும், 'யூ.வி. போட்டால் வெயிலில் கலர் நன்றாக வரும் சார்' என்று சொல்லி விற்கிறார்கள்.

சரி, காக்கிறதா?

நொறுங்கிய ஃபில்டரோடு லென்ஸைக் கொண்டுவருகிற எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். 'அண்ணாச்சி, நல்லவேளை, ஃபில்டர் போட்டிருந்தேன். இல்லைன்னா லென்ஸ் போயிருக்கும்.' அவர்கள் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று சும்மா இருந்துவிடலாம்தான். ஆனால் ஃபில்டர் கண்ணாடியையும் லென்ஸின் முன் கண்ணாடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபில்டர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தட்டைத் தகடு. முன் கண்ணாடி பல மில்லிமீட்டர் கனத்தில், பெரும்பாலும் வெளிப்பக்கம் குவிந்து, சுற்றிலும் பிடிப்போடு உட்கார்ந்திருப்பது. ஃபில்டரை உடைக்கப் போதுமான அடி அந்தக் கண்ணாடிக்குப் போதவே போதாது. ஃபில்டர் உடைந்தது என்பதால் லென்ஸ் உடைந்திருக்கும் என்று ஆகாது. மேஜை நுனியில் லேசாகத் தட்டியதில் ஃபில்டர் நொறுங்கி, அந்தச் சில்லுகள் பைக்குள் லென்ஸோடு சேர்ந்து உருண்டு, முன் கண்ணாடியில் கோடு கோடாகக் கீறியதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஃபில்டர் இல்லாவிட்டால் அந்தக் கீறலே விழுந்திருக்காது.

இதைவிடப் பெரிய தொந்தரவு வளையம். லென்ஸ் முகம் குப்புற விழும்போது அடி விழுவது கண்ணாடியில் அல்ல, ஃபில்டரின் மெல்லிய அலுமினிய விளிம்பில். விளிம்பு நசுங்கினால் மரை மரையோடு பூட்டிக்கொள்ளும். பிறகு கையால் திருகினால் வராது. வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் லென்ஸை முகம் மேலே பார்க்க நிறுத்தி, உடைந்த சில்லுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒரு சில்லு வழுக்கினாலும் கீழே இருப்பது முன் கண்ணாடி. பிறகு முன் கண்ணாடி மேல் வட்டமாக வெட்டிய கெட்டி அட்டையை வைத்து, ஓரத்தை டேப்பால் அடைத்து, நசுங்கிய வளையத்தை இரண்டு இடத்தில் மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். லென்ஸின் சொந்த மரையைத் தொடாமல், ஃபில்டர் வளையத்தை மட்டும். அந்த மரையின் இடைவெளி முக்கால் மில்லிமீட்டர்தான். கொஞ்சம் கூடுதலாக அறுத்தால் லென்ஸின் முன் வளையத்தையே மாற்ற வேண்டிவரும். அறுத்த துண்டை உள்பக்கமாக மடக்கி எடுத்ததும் உலோகத் தூளை ஊதி எடுப்பது தனி வேலை. அரை நாள் போய்விடும். கூலியைச் சொன்னால் வந்தவர் முகம் சுருங்கும். காப்பதற்காக மாட்டியதைக் கழற்றுவதற்கே அந்தக் கூலி.

நிஜமாகவே விழுந்த லென்ஸில் எது போகிறது? கேமராவோடு பூட்டுகிற பின்பக்க வளையம், மவுண்ட், வளைகிறது. ஜூம் குழாய்க்குள் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் உருளைகள் தெறிக்கின்றன. உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்து, படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் வருகிறது. ஃபோகஸ் மோட்டார் முனகுகிறது. முன் கண்ணாடி உடைந்து வருகிற லென்ஸ் மிகக் குறைவு. மேலே சொன்ன எதையும் முன்னால் மாட்டிய தட்டைக் கண்ணாடி தடுக்காது. ஓரளவாவது தடுப்பது ஹூட், அதாவது லென்ஸின் வாயில் குழல் மாதிரி மாட்டுகிற மறைப்பு. பிளாஸ்டிக் ஹூட் நெளிந்து, சில நேரம் தானே உடைந்து, அடியை வாங்கிக்கொள்ளும். கூடவே பக்கவாட்டிலிருந்து வருகிற வெளிச்சத்தையும் தடுத்துப் படத்தையும் தெளிவாக்கும். ஆனால் பையன்கள் ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுக்கிறார்கள். அல்லது பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். ஃபில்டர் மட்டும் கவனமாக முன்னால் இருக்கிறது. ஆசிரியர் ஐயா, உங்கள் பக்கத்தில் ஹூட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

படம் கெடுவதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி கல்யாணப் படம் எடுக்கிறான். கடனில் கேமரா வாங்கி, மாத்தவணை கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை. மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன் எடுத்துவிட்டு வந்து லேப்டாப்பைக் காட்டினான். பெண் வீட்டார் மீதிப் பணம் தர மறுக்கிறார்கள், லென்ஸில் என்னமோ கோளாறு அண்ணாச்சி, பாருங்க என்றான். மேடைக்கு மேலே வலது மூலையில் ஒரு வரிசை எல்.இ.டி. விளக்கு. அதே வரிசை, அதே வளைவில், தலைகீழாக, பச்சை நிறத்தில் இடதுபக்கம் கீழே மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மேல் விழுந்திருந்தது. படத்துக்குப் படம், விளக்கு எங்கே நகர்கிறதோ அதற்கு நேர் எதிரே இதுவும் நகர்ந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. முன்னால் சில நூறு ரூபாய் ஃபில்டர். கழற்றிவிட்டு என் அறை ட்யூப்லைட்டையே எடுக்கச் சொன்னேன். அந்தப் பச்சை உருவம் போய்விட்டது. மாட்டச் சொன்னேன். வந்துவிட்டது.

காரணம் எளிது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஏறத்தாழ 8 சதவீதம். நல்ல பல்லடுக்குப் பூச்சு இருந்தால் ஒரு பக்கத்துக்கு அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். விளக்கின் வெளிச்சம் லென்ஸ் வழியாகப் போய்ச் சென்சாரில் புள்ளியாக விழுகிறது. சென்சார் பளபளப்பானது, அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அது வந்த வழியே லென்ஸுக்குள் புகுந்து, இணைகதிராக முன்பக்கம் வெளியே போகப் பார்க்கிறது. அங்கே தட்டையான ஃபில்டர் நிற்கிறது. தட்டைக் கண்ணாடி என்பதால் கதிரைச் சிதறவிடாமல் அப்படியே மறுபடி லென்ஸுக்குள் அனுப்புகிறது. லென்ஸ் அதை மீண்டும் கூர்மையாகக் குவித்து, படத்தின் நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம், விளக்குக்கு நேர் எதிரே இறக்கிவிடுகிறது. வளைந்த கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பெரும்பாலும் பரந்து மங்கிவிடும். தட்டையான ஃபில்டரில் பட்டுத் திரும்புவதுதான் உருவம் குலையாமல் வந்து விழும். பகலில் இது கண்ணில் படாது. சீரியல் பல்பு, மேடை விளக்கு, குத்துவிளக்குச் சுடர், மரைன் டிரைவின் இரவு விளக்கு வரிசை என்று இருட்டுக்குள் பளிச்சென்ற புள்ளிகள் இருக்கிற இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். நம் கல்யாணங்களில் இவை எல்லாமே இருக்கின்றன.

அந்தத் தம்பிக்கு மீதிப் பணம் முழுதாக வரவில்லை. ஃபில்டரை விற்ற கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஒரு கடை மட்டும் செய்கிற வேலை இல்லை இது. கேமராவில் லாபம் குறைவு. பை, ஃபில்டர், துணி, ஸ்கிரீன் கார்டு இவற்றில்தான் கடைக்காரருக்குக் கையில் நிற்கும். நானும் அந்தத் தெருவில்தான் பிழைக்கிறேன், அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்க வருகிறவனிடம் 'இரவில் கழற்றிவிடு தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்வதில் என்ன குறைந்துவிடும்?

நெடுந்தூர லென்ஸ்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலம் தொடங்கி மே வரைக்கும் சிவ்ரி சேற்றுநிலத்தில் பூநாரைகளைப் படம்பிடிக்கக் கூட்டம் வருகிறது. 150-600 மி.மீ. லென்ஸ்கள் கையில். அவற்றில் பலவற்றுக்கு 95 மி.மீ. வட்டத்தில் ஃபில்டர் வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடியைச் சமதளமாகச் செய்வது சிரமம். மலிவானதில் அந்தச் சமதளம் இருக்காது. 600 மி.மீ.யில் அந்தச் சின்ன ஏற்ற இறக்கமே இறகுகளை மழுங்கடித்துவிடும். 'லென்ஸ் ஷார்ப்பாக இல்லை, ஃபோகஸைச் சரிசெய்து கொடுங்கள்' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ஃபில்டரைக் கழற்றித்தான் பார்ப்பேன். அதோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. காசு வாங்கவில்லை.

இவ்வளவு சொன்னதால் ஃபில்டரே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மும்பையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஜூலையில் பெரிய அலை நேரத்தில் மரைன் டிரைவில் நின்று பாருங்கள்; சுவரைத் தாண்டித் தெறிப்பது உப்புத்தண்ணீர். காய்ந்ததும் கண்ணாடியில் உப்புப் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு போகும். ஃபில்டர் மாட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து கழற்றி, குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கழுவிக் காயவைத்துவிடலாம். லென்ஸைக் குழாயில் காட்ட முடியுமா? ஜூஹு கடற்கரையில் காற்றோடு பறக்கிற மணலும் அப்படித்தான். மணலில் இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. ஒரு துகள் துணிக்கடியில் மாட்டினால் போதும், கோடு விழுந்துவிடும். கிர்காவ் சௌபாத்தியில் விநாயகர் விசர்ஜனத்துக்கு அள்ளி வீசுகிற குலால் வண்ணப்பொடி, ஹோலிப் பொடி, பொங்கலன்று எங்கள் 90 அடி சாலையில் வாசலுக்கு வாசல் எழும்புகிற அடுப்புப் புகை, ஹோமத்தில் நெய் பொரிந்து தெறிப்பது, கேமராவைப் பார்த்ததும் விரல் நீட்டுகிற குழந்தைகள், இதற்கெல்லாம் போடுங்கள். வெல்டிங், கிரைண்டிங் நடக்கிற பட்டறையில் படம் எடுக்கப் போனால் கட்டாயம் போடுங்கள். அந்தத் தீப்பொறி பழுக்கக் காய்ந்த இரும்புத் துகள். கண்ணாடியில் பட்டால் அப்படியே பதிந்துவிடும், எந்தத் துணிக்கும் வராது. அந்த மாதிரிப் புள்ளி விழுந்த லென்ஸுக்கு என்னிடமும் மருந்து கிடையாது.

ஹோலி, விசர்ஜனம் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பொடி உள்ளே போவது முன்பக்கமாக அல்ல. ஜூம் வளையத்தின் இடுக்கு வழியாகவும், நீண்டு சுருங்குகிற குழாயின் ஓரம் வழியாகவும்தான் போகிறது. ஃபில்டர் போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் மற்றதையெல்லாம் திறந்து விட்டுவிடுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையை லென்ஸோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டுவதற்குச் செலவே கிடையாது.

சில லென்ஸ்களுக்கு ஃபில்டர் வேண்டும் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கேனான் 17-40 மி.மீ. எஃப்/4 எல் அப்படிப்பட்டது. 2003இல் வந்தது, மும்பையில் இன்னமும் பல பேர் கையில் பழையதாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஜூம் செய்யும்போது முன் கண்ணாடி குழாய்க்குள் முன்னும் பின்னும் நகரும். வாய்ப்பக்கம் திறந்தே இருக்கும். அங்கே ஃபில்டர் மாட்டினால்தான் தூசிக்கும் தண்ணீருக்கும் எதிரான அடைப்பு முழுமையாகும். அந்த லென்ஸ் வைத்திருப்பவரிடம் நானே நல்ல ஃபில்டராக வாங்கிப் போடச் சொல்வேன். மாறாக, நிக்கான் 14-24 மி.மீ. எஃப்/2.8 ஜி போன்றதில் முன் கண்ணாடி உருண்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முன்னால் ஃபில்டர் மாட்ட மரையே கிடையாது. உலகம் முழுக்க அதை அப்படியேதான் வைத்துப் படம் எடுத்தார்கள்.

கீறல் பயம்தான் எல்லாவற்றுக்கும் வேர். ஆகவே ஒரு சோதனை சொல்கிறேன். 50 மி.மீ. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, அரிசி அளவுக்கு ஒரு காகிதத் துண்டை ஈரம் தொட்டு முன் கண்ணாடியில் ஒட்டுங்கள். வீட்டுக்குள் யாரையாவது நிறுத்திப் படம் எடுங்கள். காகிதம் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. முன் கண்ணாடியில் இருப்பது ஃபோகஸுக்கு வெகு வெளியே. அது கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர உருவமாக விழாது. அகல லென்ஸில் துளையை எஃப்/16 வரைக்கும் சுருக்கினாலோ, சூரியனை எதிரே வைத்து எடுத்தாலோ அப்போதுதான் தெரியத் தொடங்கும். பின்பக்கக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது வேறு கதை, அங்கே சின்னதும் தெரியும். பின் மூடியைத் தொலைத்துவிட்டு லென்ஸைப் பைக்குள் போடுகிறவர்கள் அதைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். விற்கும்போது கீறல் இருந்தால் விலை இறங்கும் என்பது உண்மை. என் பக்கத்து மேஜைக்காரர் இதையே சொல்லி எந்நாளும் என்னோடு வாதாடுவார். அவர் எல்லா லென்ஸிலும் ஃபில்டர் மாட்டித்தான் வாடிக்கையாளரிடம் கொடுப்பார். மனம் நிம்மதியாக இருக்கும், தயங்காமல் வேலை செய்வார்கள் என்பது அவர் கட்சி. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. லென்ஸுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே எடுத்தால் நல்ல படம் கிடைக்காது. ஆனால் அந்த நிம்மதிக்கு அவர் நல்ல பூச்சுள்ள கண்ணாடியாகப் பார்த்துப் போடுகிறார். அதற்குச் சில ஆயிரம் ஆகும். சில நூறில் கிடைப்பதை அவரும் தொட மாட்டார்.

இப்போது நான் அதிகம் வருத்தப்படுகிற இடத்துக்கு வருகிறேன். மும்பையில் லென்ஸைக் கொல்வது அடியும் இல்லை, கீறலும் இல்லை. பூஞ்சை. மழைக்காலம் வழக்கமாக ஜூன் 11 வாக்கில் இங்கே இறங்கி அக்டோபர் தொடக்கம் வரை நிற்கிறது. அந்த மாதங்களில் காற்றின் ஈரப்பதம் எண்பது சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஒற்றை அறை வீட்டில், சுவர் ஓதம் பூத்துக் கிடக்க, துணி அலமாரிக்குள் பையோடு கேமராவை வைத்தால் செப்டம்பரில் எடுத்துப் பார்க்கும்போது உள்கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி நூல் ஓடியிருக்கும். அது விடுகிற அமிலம் பூச்சை அரிக்கும். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், அரித்த தடத்தைத் துடைக்க முடியாது. பிறகு எதிர் வெளிச்சத்தில் எடுத்த படமெல்லாம் பால் ஊற்றினாற்போல் வெளிறும்.

இதில் ஃபில்டருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வாங்கிய நாளில் மாட்டியதை வருடக்கணக்கில் கழற்றாமல் வைத்தால், ஃபில்டருக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே இருக்கிற அந்த மெல்லிய இடைவெளியில் ஈரம் போய் அடைந்துகொள்ளும். வெளியிலிருந்து குளிர்சாதன அறைக்கும் மறுபடி வெளியேவும் போய்வந்தால் அங்கே பனி பிடிக்கும். காற்றோட்டம் இல்லாததால் காயத் தாமதமாகும். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் அதன் உள்பக்கத்திலும் லென்ஸின் முகத்திலும் ஒரே வடிவில் பூஞ்சை இருப்பதை மழைக்காலம் முடிந்ததும் வருகிற லென்ஸ்களில் பார்க்கிறேன். முன் முகத்தை வெறுமனே விட்டிருந்தால் லென்ஸ் வைத்திருந்த பிள்ளை தினமும் ஊதித் துடைத்திருப்பான், காற்றும் பட்டிருக்கும்.

ஆகவே காசு கொஞ்சமாக இருக்கிறவருக்கு என் வரிசை வேறு. முதலில் அந்த லென்ஸுக்கு உரிய ஹூட். பிறகு ஊதுகிற ரப்பர் பல்பு. துணி தொடுமுன் தூசியை ஊதியாக வேண்டும். பிறகு மூடி இறுக்கமாகப் பூட்டுகிற பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகள், கூடவே ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் முள் நின்றால் போதும். ஜெல்லின் நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் புழங்காத வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகாது, அடுப்படிப் பாத்திரத்தைத் தொடவே கூடாது. வசதி வந்தால் கரண்டில் ஓடி ஈரத்தை வாங்குகிற அலமாரி, டிரை கேபினட், வாங்கலாம். இதற்கெல்லாம் பிறகும் கையில் காசு இருந்தால், கடற்கரைக்கும் ஹோலிக்கும் ஹோமத்துக்கும் என்று பல்லடுக்குப் பூச்சுள்ள ஒரு ஃபில்டர். பித்தளை வளையமாகக் கிடைத்தால் நல்லது. அலுமினியம் அலுமினியத்தோடு பிடித்துக்கொள்வதுபோல் பித்தளை பிடிக்காது. மாட்டும்போது விரல் நுனியால் மெதுவாக, முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். அளவு தெரியாவிட்டால் லென்ஸ் முகத்திலோ மூடியின் உள்பக்கத்திலோ வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 49, 58, 67, 77 என்று எண் இருக்கும். அதையே கேட்டு வாங்குங்கள். 18-55 என்பது லென்ஸின் ஜூம் அளவைச் சொல்கிற வேறு எண், அதைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்கே குழப்பம்.

இன்னொரு ஃபில்டர் போடும்போது, பளபளப்பை அடக்குகிற பொலரைசரோ, வெளிச்சம் குறைக்கிற என்.டி.யோ, கீழே யூ.வி.யையும் விட்டுவைக்காதீர்கள். அகல லென்ஸில் மூலைகள் கறுக்கும், இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டால் அதுவும் என் மேஜைக்குத்தான் வரும். பூட்டிக்கொண்டால் இடுக்கியைத் தேடாதீர்கள்; வட்டத்தை இரண்டு பக்கம் நெருக்கிப் பிடித்தால் அது முட்டையாகி இன்னும் இறுகும். ரப்பர் விரிப்பின் மேல் லென்ஸ் முகத்தைச் சமமாக அழுத்தி, மொத்த லென்ஸையும் திருப்புங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

மொபைல் கேமரா மேல் ஒட்டுகிற கண்ணாடிக்கும் இதே கதைதான். இரவில் தெருவிளக்கைச் சுற்றிக் கோடு கோடாக வந்தால் முதலில் அதைப் பிய்த்துப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் கேமராவை நம்பித் தொழிலுக்கு வருகிறார்கள். சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. இங்கிலீஷில் தேடிப் படிக்க எல்லோருக்கும் வராது. உங்கள் தாளில் கட்டம் கட்டி வருவதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தை வெட்டிப் பர்ஸில் வைத்திருந்த ஒரு பையனை நானே பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். அந்தக் கட்டத்தை மாற்றி, மே மாதம் முடிவதற்குள் மறுபடி ஒருமுறை போடுங்கள். ஹூட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவும் அதில் முதலில் வரட்டும். ஃபில்டரைப் பற்றி எழுதும் இடத்தில், இரவிலும் மேடை விளக்குக்கு முன்னாலும் கழற்றிவிட வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
லென்ஸ் பழுது பார்க்கும் வாசகர்,
தாராவி, மும்பை – 400017